அரிக்கொம்பனைப் பிடிக்க எந்தப் பட்டம் வேண்டும்? வனவிலங்கு மேலாண்மைப் படிப்பு: ஒரு விளக்கம்

2023 மே 27 அன்று கம்பம் நகரத் தெருக்களில் ஒரு காட்டு யானை ஓடியது. கழுத்தில் ரேடியோ காலர். ஒரு மாதத்துக்கு முன், ஏப்ரல் 29 அன்று, கேரளத்தின் சின்னக்கானலில் மயக்க ஊசி போட்டு, நான்கு கும்கிகளை வைத்து லாரியில் ஏற்றி, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்ட அதே அரிக்கொம்பன். ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்னும் பழக்கத்தால் வந்த பெயர் அது. ஜூன் 5 அதிகாலையில் தமிழக வனத்துறை அதை மறுபடியும் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் உட்பகுதியில் கொண்டுபோய் விட்டது.

காட்டில் விட்ட யானை ஏன் ஊருக்கு வந்தது? எங்கே விடலாம் என்பதை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடும் துறையின் பெயர்தான் வனவிலங்கு மேலாண்மை. பிளஸ் டூ முடித்தவர்களும் விலங்கியல் பட்டதாரிகளும் இந்தப் பெயரில் படிப்பு தேடும்போது குழம்பிப்போகிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது: நம் நாட்டில் இந்த ஒரு வேலையை மூன்று நான்கு பட்டங்கள் தங்களுக்குள் பிரித்து வைத்திருக்கின்றன. எந்தப் பட்டம் எந்த நாற்காலிக்குக் கொண்டுபோகும் என்று தெரியாமல் சேர்ந்துவிட்டால், பாதை மாற்ற ஐந்தாறு வருடம் ஆகிவிடும்.

பெயரிலேயே தொடங்கும் குழப்பம்

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம்.

1. விலங்கியல்: விலங்கின் உடல், வகைப்பாடு, மரபு, பரிணாமம். பெரும்பாலும் ஆய்வகப் படிப்பு.

2. வனவியல்: மரம், மண், நாற்றங்கால், மர அறுவடை, காட்டு நிர்வாகம். விலங்குகளுக்கு இதில் சில தாள்கள் உண்டு.

3. வன உயிரியல்: காட்டில் வாழும் விலங்கை அது வாழும் இடத்திலேயே வைத்துப் படிப்பது. என்ன தின்கிறது, எவ்வளவு தூரம் நடக்கிறது, எத்தனை இருக்கிறது, ஏன் குறைகிறது.

4. வனவிலங்கு மேலாண்மை: மேலே சொன்னவற்றிலிருந்து கிடைத்த அறிவை வைத்து ஒரு முடிவெடுத்து, அதை நிலத்தில் செய்து, பலித்ததா என்று திரும்பிப் பார்ப்பது.

முதல் மூன்றும் அறிவைச் சேர்க்கின்றன. நான்காவது முடிவெடுக்கிறது. முடிவு என்று வந்துவிட்டால் சட்டம், பணம், ஊர் மக்கள் எல்லாம் உள்ளே வந்துவிடும்.

இந்தத் துறை பிறந்த கதையைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்களுக்கு அங்கேதான் பெரிய அதிர்ச்சி காத்திருக்கிறது. 1933இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வனவியலாளர் ஆல்டோ லியோபோல்டுக்கு ஒரு பேராசிரியர் பதவி உருவாக்கப்பட்டது. அது இருந்தது வேளாண் பொருளாதாரத் துறையில். பாடத்தின் பெயர் வேட்டை விலங்கு மேலாண்மை. ஒரு நிலத்திலிருந்து வருடத்துக்கு எத்தனை மான்களை, எத்தனை வாத்துகளைச் சுட்டாலும் அடுத்த வருடம் அதே எண்ணிக்கை திரும்ப வரும் என்று கணக்குப் போடுவதுதான் அன்றைய அடிப்படை. காட்டு விலங்கு ஒரு விளைச்சல், வேட்டை அதன் அறுவடை. 1937இல் வந்த பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கி, தோட்டா விற்பனை மீதான வரியை மாநில வனவிலங்குத் துறைகளுக்குத் திருப்பிவிட்டது. இன்றுவரை அங்கே வனவிலங்குப் பாதுகாப்புக்கு வேட்டைக்காரர்கள் கொடுக்கும் பணம் ஒரு முக்கியமான தூண்.

இந்தியாவில் நிலைமை தலைகீழ். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பிந்தைய திருத்தங்களும் வேட்டையைக் கிட்டத்தட்ட முழுமையாக மூடிவிட்டன. அந்தச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குள் பிடிப்பதும் அடங்கும். ஆகவே அரிக்கொம்பனுக்கு மயக்க ஊசி போட்டதும் சட்டத்தின் பார்வையில் வேட்டைதான். மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்துபூர்வமாகக் காரணம் சொல்லி அனுமதிக்காமல் யாரும் அந்த ஊசியைத் தொட முடியாது.

சரி, இதனால் மாணவருக்கு என்ன? அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இதே பெயரில் பட்டம் வாங்கியவர், அறுவடை அளவு கணக்கிடுவதையும் வேட்டைப் பருவம் நிர்ணயிப்பதையும் முக்கியப் பாடமாகப் படித்திருப்பார். கணிதம் எங்கும் ஒன்றுதான், அது வீண்போகாது. ஆனால் அந்தக் கணிதத்தை வைத்து எடுக்கும் முடிவு இங்கே வேறு. தான்சானியாவின் மவேகாவில் 1963இல் தொடங்கிய ஆப்பிரிக்க வனவிலங்கு மேலாண்மைக் கல்லூரி போன்ற இடங்களில் சுற்றுலா, பூங்கா நிர்வாகம் என்று இன்னொரு சாய்வு. பெயரைப் பார்த்துச் சேராமல் பாடத்திட்டத்தைப் பார்த்துச் சேர வேண்டும் என்பது இந்தத் துறைக்கு மிகவும் பொருந்தும்.

மேலாண்மை எதை மேலாள்கிறது?

மூன்றைத்தான்: விலங்கு, வாழிடம், மனிதர்கள்.

விலங்கை நேரடியாகக் கையாளுவது, அதாவது பிடிப்பது, இடம் மாற்றுவது, சிகிச்சை தருவது, செய்திகளில் வரும் பகுதி. ஆனால் உண்மையில் இது வேலையின் சிறு பங்கு.

வாழிடம்தான் பெரிய பங்கு. முதுமலையில் நடப்பதைப் பாருங்கள். நிழலுக்கும் அழகுக்கும் என்று கொண்டுவரப்பட்ட சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்ற மஞ்சள் பூ மரம் காட்டுக்குள் பரவி, அதன் அடியில் புல் முளைக்கவிடாமல் செய்கிறது. உண்ணிச்செடி அதற்கு முன்பே அந்த வேலையைச் செய்துவிட்டது. புல் போனால் புள்ளிமானுக்கும் காட்டெருதுக்கும் தீனி போச்சு, அவை போனால் புலிக்கு இரை போச்சு. யானையும் காட்டு ஓரத்துக் கரும்பையும் வாழையையும் பார்க்கும். தமிழக அரசு இந்த மரங்களை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்பும் ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. வெட்டினால் மட்டும் போதாது, வேரிலிருந்து மறுபடியும் துளிர்க்கும். வெட்டிய இடத்தில் எந்தப் புல்லை, எப்போது வளர்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். இதுதான் வாழிட மேலாண்மை. இதற்குப் பெரும்பாலும் கேமராக்கள் வருவதில்லை.

மூன்றாவது மனிதர்கள். சின்னக்கானலில் யானைகள் நடமாடிய பகுதியில் 2000களின் தொடக்கத்தில் பழங்குடிக் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. 301 காலனி என்று அந்தக் குடியிருப்புக்குப் பெயர். நிலமில்லாதவர்களுக்கு நிலம் கொடுத்தது நியாயமான நோக்கம்தான். இடத்தைத் தேர்ந்தெடுத்தபோது யானையின் பாதையை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து ஒரு யானையைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாநிலங்கள் அலைய வேண்டியிருந்தது. அரிக்கொம்பனை முதலில் பரம்பிக்குளத்தில் விடலாம் என்று நிபுணர் குழு சொன்னபோது அந்தப் பகுதி மக்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். அவர்கள் அச்சத்தில் தவறில்லை. அந்த அச்சத்தைக் கணக்கில் சேர்க்காத திட்டம் தாளிலேயே நின்றுவிடும். ஆகவே நல்ல பாடத்திட்டத்தில் சமூகவியல் தாளும் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் இருக்கும்.

எண்ணத் தெரியாமல் எதுவும் முடியாது

விலங்குகள் மேல் பாசம் உள்ளவர்கள் இந்தப் படிப்பில் சேர்ந்ததும் தடுமாறும் முதல் இடம் புள்ளியியல். இதைத் தவிர்க்க வழியே இல்லை.

புலிகள் திட்டம் 1973இல் தொடங்கியது. நெடுங்காலம் புலிகளைக் காலடித் தடத்தை வைத்து எண்ணினார்கள். ஒவ்வொரு புலிக்கும் தடம் தனித்தன்மை உடையது, அனுபவசாலி பார்த்தால் அடையாளம் சொல்லிவிடுவார் என்பது நம்பிக்கை. ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் புலிகள் இருப்பதாகப் பதிவேடு சொல்லிக்கொண்டிருந்தது. 2005 வாக்கில் பார்த்தால் அங்கே ஒரு புலிகூட இல்லை. கள்ள வேட்டையில் முடிந்துபோயிருந்தது. எண்ணும் முறை தவறாக இருந்ததால், அழிந்துகொண்டிருந்தது உரிய நேரத்தில் யார் கண்ணிலும் படவில்லை.

அதன் பிறகு தானியங்கி கேமராவும் புள்ளியியலும் சேர்ந்த முறை நாடு முழுவதும் வந்தது. அதற்கு முன்பே, 1990களில், புலி ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் கர்நாடகத்தின் நாகரஹொளேயில் இந்த முறையைச் செய்து காட்டியிருந்தார். அதன் தர்க்கம் எளிது. ஒரு கற்பனைக் கணக்கு:

1. முதல் சுற்றில் கேமராக்களில் 20 புலிகள் பதிவாகின்றன. உடல் வரிகள் நம் கைரேகை மாதிரி, ஒன்றுக்கு ஒன்று வேறுபடும். ஆகவே ஒவ்வொரு புலியையும் தனித்தனியாக அடையாளம் காணலாம்.

2. இரண்டாம் சுற்றில் 25 புலிகள் பதிவாகின்றன. அவற்றில் 10 ஏற்கனவே முதல் சுற்றில் பார்த்தவை.

3. அதாவது இரண்டாம் சுற்றில் 25க்கு 10 பழையவை, ஐந்தில் இரண்டு பங்கு. காடு முழுவதிலும் இதே விகிதம் என்று கொண்டால், முதலில் பார்த்த 20 என்பது மொத்தத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. மொத்தம் 50.

நாம் இரண்டு சுற்றிலும் சேர்த்துப் பார்த்தது 35 புலிகளைத்தான். பார்க்காத 15ஐயும் கணக்கு சொல்கிறது. நடுவில் புலி வெளியேறினால், கேமராவைக் கண்டு ஒதுங்கினால், விடை மாறும். அதைச் சரிசெய்யத்தான் மேல்நிலைப் புள்ளியியல். 2022 கணக்கெடுப்பில் இந்தியாவின் புலிகள் 3,682 என்று செய்தி வந்ததே, அது தலை எண்ணிய தொகை இல்லை. கீழ் எல்லை ஒன்றும் மேல் எல்லை ஒன்றும் உள்ள மதிப்பீட்டின் சராசரி. தமிழ்நாட்டுக்கான மதிப்பீடு 306. அடுத்த கணக்கெடுப்பில் பத்து குறைந்தால் "புலிகள் அழிகின்றன" என்று அலறுவதற்கும், பத்து கூடினால் பாராட்டு விழா எடுப்பதற்கும் முன்னால் இந்த எல்லைகளைப் பார்க்க வேண்டும்.

வரையாட்டுக்கு வரிகள் கிடையாது. புலிக்கு உதவும் முறை அங்கே உதவாது. மலைச்சரிவைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரே சமயத்தில் பல குழுக்கள் ஏறி, ஒருவர் தவறவிட்டதை இன்னொருவர் பிடிக்கும் வகையில் எண்ணுகிறார்கள். 2024இல் தமிழகம் முழுவதும் அப்படி எண்ணியபோது கிடைத்தது 1,031. விலங்குக்கு ஏற்ற முறையைத் தேர்ந்தெடுக்கும் அறிவைத்தான் இரண்டு வருட எம்எஸ்சி படிப்பின் பெரும்பகுதி கற்றுத்தருகிறது.

இடம் மாற்றினால் தீருமா?

இப்போது அரிக்கொம்பனுக்குத் திரும்புவோம். "பிடித்துத் தூரக் காட்டில் விடு" என்பது எல்லாருக்கும் முதலில் தோன்றும் தீர்வு. அது பலிக்குமா என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே நல்ல ஆய்வு இருக்கிறது. இலங்கையில் இடம் மாற்றப்பட்ட யானைகளுக்கு ஜிபிஎஸ் காலர் மாட்டி, 16 இடமாற்றங்களைத் தொடர்ந்து கண்காணித்து, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லா யானைகளும் தேசியப் பூங்காக்களில்தான் விடப்பட்டன. இரண்டு அந்தப் பூங்காக்களுக்குள்ளேயே கொல்லப்பட்டன. மற்றவை எல்லாம் பூங்காவை விட்டு வெளியேறின. அவை நடந்துகொண்ட விதம் மூன்று வகை:

1. பிடித்த இடத்துக்கே திரும்பியவை.
2. எங்கும் தங்காமல் பரந்த பரப்பில் அலைந்தவை.
3. புதிய இடத்தில் விரைவில் நிலைகொண்டவை.

மொத்தத்தில் மோதல் குறையவில்லை. புதிய ஊர்களுக்கும் பரவியது, யானைகளின் சாவும் கூடியது. ஊர்ப் பயிரை மேயப் பழகிய ஆண் யானைக்குத் தேசியப் பூங்கா என்ற எல்லைக்கோடு தெரியாது. அது போகிற வழியில் உள்ள ஊர்கள்தான் அதற்குப் புதிய சின்னக்கானல்.

பெரியாறிலிருந்து கம்பத்துக்கு வந்த அரிக்கொம்பனின் நடத்தையில் இந்த ஆய்வைப் படித்தவர்களுக்கு ஆச்சரியப்பட எதுவும் இல்லை. அப்புறம் களக்காட்டில் விட்ட பிறகும், 2023 செப்டம்பரில், அது மாஞ்சோலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்கள் வரை வந்தது. காலர் இருந்ததால் எங்கே நிற்கிறது என்று தெரிந்தது, குழுக்கள் உடனே போக முடிந்தது. என் பார்வையில் இந்தச் சம்பவத்தின் மிகப் பயனுள்ள கருவி மயக்க ஊசித் துப்பாக்கி இல்லை, அந்தக் காலர்தான்.

ஒரு யானை, மூன்று நாற்காலிகள்

இப்படி ஒரு நடவடிக்கையில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் படிப்புக் குழப்பம் தெளியும்.

1. கையெழுத்துப் போடுபவர். வனத்துறை அதிகாரி. இந்த நாற்காலிக்கு வனவிலங்குப் பட்டம் கட்டாயமில்லை. போட்டித் தேர்வுதான் வழி. யுபிஎஸ்சி நடத்தும் இந்திய வனப் பணித் தேர்வுக்கு விலங்கியல், தாவரவியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், புவியமைப்பியல், கால்நடை மருத்துவம் இவற்றில் ஒன்றைப் பாடமாகக் கொண்ட பட்டமோ, வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டமோ வேண்டும். மாநில அளவில் உதவி வனப் பாதுகாவலர், வனத் தொழில் பழகுநர் பணிகளுக்கு டிஎன்பிஎஸ்சி. அந்த அறிவிக்கைகளில் பட்டங்களின் பெயர்ப் பட்டியல் இருக்கும். கல்லூரியில் சேருமுன் அதில் உங்கள் பட்டத்தின் பெயர் இருக்கிறதா என்று எழுத்துக்கு எழுத்து பாருங்கள்.

2. ஊசி போடுபவர். கால்நடை மருத்துவர். எத்தனை டன் எடைக்கு எவ்வளவு மருந்து, வெயில் ஏறும் முன் முடிக்க வேண்டுமா, யானை எந்தப் பக்கம் சாய்ந்து விழும் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. இதற்கு ஐந்தரை ஆண்டு கால்நடை மருத்துவப் பட்டம்தான் ஒரே வாசல். எந்த வன உயிரியல் பட்டமும் இதற்கு ஈடாகாது. முதுமலையில் யானைகளுக்காகவே வாழ்ந்த டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி வந்த வழி இதுதான்.

3. கணக்குப் பார்ப்பவர். வன உயிரியலாளர். எங்கே விட்டால் எத்தனை ஊர்கள் பாதிக்கப்படும், முந்தைய இடமாற்றங்களில் என்ன நடந்தது, காலர் தரவு என்ன சொல்கிறது என்று சொல்பவர். எம்எஸ்சி வன உயிரியல் கொண்டுபோகும் இடம் இது. இவர் ஆலோசனை சொல்வார், முடிவெடுக்கும் அதிகாரம் இவர் கையில் இருக்காது. சேரும் முன்பே மாணவர் இதை மனதார ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இந்த மூவரையும் காட்டுக்குள் கூட்டிப்போகிறவர்கள் பாகர்களும் வேட்டைத் தடுப்புக் காவலர்களும். பெரும்பாலும் பழங்குடி மக்கள். அவர்களிடம் பட்டம் இல்லை, யானை எந்த மூங்கில் புதருக்குப் பின்னால் நிற்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களில் பலருக்கு இன்னும் நிரந்தர வேலை இல்லை என்பது இந்தத் துறை வெட்கப்பட வேண்டிய விஷயம்.

எங்கே படிக்கலாம்?

'வனவிலங்கு மேலாண்மை' என்ற சொல்லைப் பெயரில் கொண்ட புகழ்பெற்ற படிப்பு, டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் பட்டயப் படிப்பு. ஆனால் அது பணியில் இருக்கும் வன அதிகாரிகளுக்கானது. வனச்சரகர்களுக்கு மூன்று மாதச் சான்றிதழ்ப் படிப்பும் அங்கே உண்டு. அதாவது இங்கே மேலாண்மை என்பது முதலில் அதிகாரி ஆகி, பிறகு கற்றுக்கொள்வதாக அமைந்திருக்கிறது.

வெளியிலிருந்து சேரும் மாணவர்களுக்கு அதே நிறுவனம் 1988 முதல் எம்எஸ்சி வனவிலங்கு அறிவியல் நடத்துகிறது. அங்கே பல தலைமுறை மாணவர்களைக் காடு காடாக நடக்க வைத்துப் பாடம் சொன்னவர் நம் நாங்குநேரிக்காரர் ஏ.ஜே.டி. ஜான்சிங். சிவகாசிக் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியராக இருந்து, 1970களில் பந்திப்பூரில் செந்நாய்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தவர், 2024இல் காலமானார். பெங்களூரு தேசிய உயிரியல் ஆய்வு மையத்தின் வன உயிரியல் எம்எஸ்சி 2004இல் தொடங்கியது. இரண்டிலும் இடங்கள் மிகக் குறைவு, நுழைவுத் தேர்வும் நேர்காணலும் உண்டு.

தமிழ்நாட்டுக்குள் மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியும் உதகை அரசுக் கலைக் கல்லூரியும் வன உயிரியல் கற்பிக்கின்றன. கட்டணம் குறைவு. உதகைக்குக் காடு வாசலிலேயே. மன்னம்பந்தலுக்குக் கோடியக்கரை எட்டும் தூரம். வனவியல் பட்டத்துக்கு மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி. கால்நடை மருத்துவம் படித்தவர்கள் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் வனவிலங்கு அறிவியலில் மேற்படிப்புக்குப் போகலாம். கோவை ஆனைகட்டியில் உள்ள சலீம் அலி பறவையியல் மையத்தில் முனைவர் பட்ட ஆய்வும் திட்டப் பணிகளும் கிடைக்கும்.

வேலை நிலவரம்

இதைப் பூசி மெழுகாமல் சொல்வதுதான் மாணவர்களுக்குச் செய்யும் உதவி. எம்எஸ்சி முடித்தவுடன் கிடைப்பது பெரும்பாலும் திட்டப் பணி. ஒரு வருடம், இரண்டு வருடம், திட்ட நிதி தீர்ந்தால் வேலை தீர்ந்தது. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் தேறி இளநிலை ஆய்வாளர் ஆனால் மாதம் 37,000 ரூபாய், அத்துடன் வீட்டு வாடகைப் படி. நெட் இல்லாமல் தன்னார்வ அமைப்புகளில் சேருபவர்கள் இதைவிடக் குறைவாகத்தான் பார்க்கிறார்கள். நிரந்தரப் பணியிடங்கள் விரல்விட்டு எண்ணும்படி இருக்கின்றன.

தேவை இல்லாததால் இந்த நிலைமை என்று நினைத்துவிடக் கூடாது. காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு முடிவெடுத்தது. எத்தனை பன்றிகள் இருக்கின்றன, எத்தனையைச் சுட்டால் பயிர்ச்சேதம் குறையும், காட்டுக்குள் சிறுத்தையின் இரை குறையுமா என்று மாவட்டந்தோறும் கணக்குச் சொல்ல ஆள் வேண்டும். மாவட்ட வன அலுவலகங்களில் உயிரியலாளருக்கு நிரந்தர நாற்காலி போடாமல், மோதல் வந்த பிறகு நிபுணர் குழு அமைத்துக்கொண்டிருப்பது வீண் செலவு என்பது என் உறுதியான கருத்து.

கல்லூரியில் கேட்க வேண்டியவை

1. இரண்டு வருடத்தில் காட்டில் எத்தனை நாள்? ஒரு வாரச் சுற்றுலாவைக் களப்பணி என்று காட்டும் இடங்கள் உண்டு. ஆய்வேட்டுக்காக மட்டும் நான்கைந்து மாதம் தொடர்ந்து களத்தில் இருக்க வேண்டும்.

2. புள்ளியியல் யார் நடத்துகிறார்கள்? கணினியில் சொந்தத் தரவை வைத்துச் செய்ய வைக்கிறார்களா, சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வைக்கிறார்களா?

3. வனத்துறை அனுமதி வாங்குவது யார் பொறுப்பு? காப்பகத்துக்குள் ஆய்வு செய்ய அனுமதிக்கு மாதக்கணக்கில் ஆகலாம். கல்லூரி முன்கூட்டியே விண்ணப்பிக்காவிட்டால் மாணவரின் பருவமழைக்காலம் ஒன்று கையை விட்டுப் போகும், அதற்குப் பிறகு அந்தத் தரவை எடுக்க அடுத்த ஆண்டு மழைக்குக் காத்திருக்க வேண்டும்.

4. பெண் மாணவர்களுக்குக் களத்தில் தங்குமிடம், கழிப்பறை, இரவுப் போக்குவரத்து ஏற்பாடு என்ன? இந்தக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லும் துறை, களப்பணியை உண்மையாகவே நடத்தும் துறை.

5. சென்ற மூன்று மாணவர் அணிகளின் ஆய்வேடுகளைப் பார்க்கலாமா? நூலகத்தில் உட்கார்ந்து நான்கைந்தைப் புரட்டுங்கள். எந்தக் காடு, எத்தனை நாள், எத்தனை கிலோமீட்டர் நடந்தார்கள் என்பதெல்லாம் ஆய்வு முறை பற்றிய அத்தியாயத்தில் எழுதியிருக்கும்.